உதகை மார்க்கெட்: கட்டடம் புதுசானால் சந்தை தங்குமா?

ஊட்டி மாரியம்மனைச் சந்தைக்கடை மாரியம்மன் என்றும் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடியிருந்த நேரத்தில் வடக்கே இருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். தங்க இடம் கேட்டார்கள். வியாபாரிகள் ஒரு மரத்தடியைக் காட்டினார்கள். அங்கே போனதும் இருவரும் ஒளியாக மறைந்தார்கள். கோயில் வரலாறாக ஊரில் சொல்லப்படுவது இதுதான். மாரியம்மனும் காளியம்மனும் அங்கே ஒரே கருவறையில் இருக்கிறார்கள். சித்திரைத் தேரில் உப்பு வீசி வேண்டிக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கதைப்படி பார்த்தால் இந்த ஊரில் சந்தைதான் மூத்தது. கோயிலே சந்தைக்குள் குடிவந்ததுதான்.

அந்தச் சந்தையின் வழியில் வந்ததுதான் இன்றைய நகராட்சி மார்க்கெட். பஸ் ஸ்டாண்டிலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் நடந்தே போய்விடலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். அதில் ஒரு பகுதியை இடித்துவிட்டு, வண்டி நிறுத்தும் தளத்தோடு புது வளாகம் கட்டும் வேலை கட்டம் கட்டமாகத் தொடங்கியது. இடம் காலி செய்தவர்களுக்கு நகரின் ஏ.டி.சி. பகுதியில் தகரக் கொட்டகையில் தற்காலிகக் கடைகள் கொடுக்கப்பட்டன. பழைய மார்க்கெட் ஒன்று நவீன வணிக வளாகமாக மாறும்போது என்ன நிற்கும், என்ன போகும் என்று பார்க்க உதகை நல்ல உதாரணம். அதனால்தான் இந்த ஆய்வு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதகை மார்க்கெட் புதுக் கட்டடத்துக்குப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. மழைக்காலத்தில் ஒழுகுகிற கூரை, ஒயர்கள் தொங்கும் சந்து, சாக்கடை நீரில் கால் வைத்து மீன் வாங்கும் நிலை, இவையெல்லாம் போகட்டும். ஆனால் மூட்டை இறங்கும் இடமும் கால் கிலோ நிறுக்கும் இடமும் ஒரே தரையில் இருக்க வேண்டும். ஊர்க்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்கிறவனுக்கு அந்த வாடகையும் கட்டுப்படியாக வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் கட்டடம் நிற்கும், சந்தை நிற்காது.

மலைக்குச் சந்தை வந்த வழி

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். 1822-இல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் குடியேறக் குடியேற அவர்கள் சமையலறைக்கு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கேரட்டும் வேண்டியிருந்தது. ராகியும் சாமையும் விளைந்த மலையில் இங்கிலீஷ் காய்கறி வந்தது இப்படித்தான். படுகர் கிராமங்கள் அந்தப் பயிரைக் கற்றுக்கொண்டு மலையின் பொருளாதாரத்தையே மாற்றிவிட்டன. சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக ஊர் வளர்ந்தது. 1866-இல் நகராட்சி அமைந்தது. 1899-இல் குன்னூர் வரை வந்த மலை ரயில் 1908-இல் உதகையைத் தொட்டது.

அரிசி, பருப்பு, எண்ணெய், துணி எல்லாம் சமவெளியிலிருந்து மேலே ஏற வேண்டும். காய்கறியும் தேயிலையும் கீழே இறங்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் சந்திக்கும் இடம் மார்க்கெட். அதனால்தான் அங்கே கடை வைத்தவர்களில் எல்லா ஊர்க்காரரும் உண்டு. கோயம்புத்தூர்க்காரர் மளிகை, மலையாளிகள் மீனும் பேக்கரியும், மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பூவும் வெற்றிலையும் என்று ஆளுக்கொரு வரிசை. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் தேயிலைத் தோட்ட வேலைக்கு நீலகிரி வந்தார்கள். அவர்களும் இந்த மார்க்கெட்டின் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். உதகை இந்துநகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஃபிலிம் பேக்டரி ஓடிய காலத்தில் சம்பளத் தேதி வந்தால் மளிகைக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. பேக்டரி மூடியதும் அந்த மாதாந்திரப் பணமும் நின்றது. உதகை டூரிஸ்ட் ஊராக மாறியதைப் பற்றிப் பேசும்போது பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். டூரிஸ்ட் கூடியது ஒரு பக்கம். மாதச் சம்பளத்தில் மளிகை வாங்கிய உள்ளூர்க் குடும்பம் குறைந்தது இன்னொரு பக்கம்.

சேரிங்கிராஸிலிருந்து மார்க்கெட் வரை ஒரு நடை

மாற்றத்தைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. சேரிங்கிராஸில் 1886-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆடம்ஸ் நீரூற்று அருகே இறங்கி, கமர்ஷியல் ரோடு வழியாக மார்க்கெட் வரை நடந்து பாருங்கள்.

தொடக்கத்தில் எல்லாம் வெளியூர்க்காரருக்கான கடைகள். ஹோம்மேட் சாக்லேட், நீலகிரித் தைலம், டீத்தூள் டப்பா, தொப்பி, சால்வை. ஒரு காலத்தில் துரைமார்களுக்குப் புத்தகமும் கோட்டுத் துணியும் விற்ற சாலை இது. வாங்குகிற ஆள் மாறினார், சாலை மாறவில்லை. இது என்றைக்கும் வெளியிலிருந்து வந்தவருக்கான சாலைதான். பாதி வழி தாண்டினால் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை வரத் தொடங்கும். அப்புறம் மெயின் பஜார் பக்கம் திரும்பினால் அடகுக்கடை, விதைக்கடை, உரக்கடை, மண்வெட்டி, தார்ப்பாய். ஜெர்கின் போட்ட டூரிஸ்ட் குறைந்து, வெள்ளை முண்டு போர்த்திய படுகப் பெண்கள் கூடுவார்கள். கடைசியில் மார்க்கெட் வாசல்.

இந்த நடையில் ஒன்று தெளிவாகத் தெரியும். உதகையில் ஷாப்பிங் ஹப் ஏற்கெனவே இருக்கிறது. அது மேலே இருக்கிறது. கீழே உள்ள மார்க்கெட்டையும் அதேபோல ஆக்கினால் ஊருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. கோத்தகிரி ரோட்டு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து, விதையும் மாத்திரையும் வாரத்துக்கான மளிகையும் கருவாடும் ஒரே நடையில் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறவருக்கு மட்டும் இடம் இல்லாமல் போகும்.

நவீனக் கடை மலைக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில் சூப்பர் மார்க்கெட் என்ற வியாபார முறையைப் பழக்கப்படுத்திய நீல்கிரீஸ், 1905-இல் குன்னூர்ப் பக்கம் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கியதுதான். 1936-இல் பெங்களூருக்கு இறங்கி அங்கே பெரிதானது. ஆக, மலை வியாபாரத்தில் பழசும் புதுசும் எதிரிகளாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

பழைய மார்க்கெட் எப்படி ஓடியது

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒழுங்கற்ற கூட்டம். உள்ளே போனால் வரிசை தெரியும். காய்கறி ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம், கறிக்கடை தனி, மீன் தனி, கருவாடு அதற்குப் பக்கத்தில், வெற்றிலை பாக்கு பூ இன்னொரு சந்தில். பெரும்பாலான கடைகள் நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் அளவு. பல கடைகளுக்கு ஷட்டர் கிடையாது, பலகைக் கதவுதான். ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதியிருக்கும். காலையில் அந்த வரிசையில் கழற்றி, இரவில் அதே வரிசையில் மாட்ட வேண்டும். கழற்றிய பலகை பகலில் வீணாகக் கிடக்காது. இரண்டு பெட்டிமேல் போட்டால் அதுவே காய் பரப்பும் மேடை.

மலைக் காய்கறியில் பெரும்பகுதி மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தான் போகிறது. கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம் கேரட் அறுவடை ஆனதும் மெஷினில் கழுவி, மூட்டை கட்டி, விடியும் முன்னே லாரி இறங்கிவிடும். 1935-இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் இருக்கிறது. தனியார் மண்டிகளும் இருக்கின்றன. மண்டிக்காரர் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுப்பதால் விவசாயி அங்கேயே கொண்டுபோக வேண்டிய கட்டாயமும் உண்டு. உதகை மார்க்கெட்டுக்கு வருவது இந்த ஓட்டத்திலிருந்து பிரிந்து வரும் ஒரு கிளை: லாரி நிரப்பும் அளவு இல்லாத சின்ன விவசாயியின் பத்துப் பதினைந்து மூட்டை, கிராமத்துப் பெண் கூடையில் கொண்டுவரும் ஊட்டி அவரை, மேரக்காய், கீரை, பருவத்தில் ப்ளம்ஸும் பேரிக்காயும், சில வாரங்கள் மட்டும் தலைகாட்டும் தவிட்டுப்பழம் என்ற காட்டுப்பழம். இந்தச் சின்ன அளவு மேட்டுப்பாளையம் வரை போனால் லாரி வாடகைக்கே சரியாகிவிடும். இவர்களுக்கு வேறு போக்கிடம் உழவர் சந்தை ஒன்றுதான். அங்கே சொந்தமாக உட்கார்ந்து விற்க வேண்டும், வயலை விட்டுவிட்டு எல்லோராலும் அது முடியாது.

காலையில் மூட்டை இறங்குவதைப் பார்த்தால் தரையின் அருமை புரியும். லோடுமேன் இடது கையில் கொக்கியை மாட்டி மூட்டையின் காதைப் பிடிப்பார், தலையில் சும்மாடு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துச் சுமையை முதுகுக்கு மாற்றிக்கொள்வார். அப்புறம் நிற்கவே மாட்டார். நின்றால் சுமை கூடும். வழியில் ஒரு படி இருந்தால்கூட நடை அறுந்து, காலைத் தேட வேண்டும். ஈரத் தரையில் அந்த ஒரு நொடிதான் ஆபத்து. கூலி மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. மாடிக்குத் தூக்க வேண்டும் என்றால் அந்தக் கூலி ஏறும். ஏறிய கூலி காய் விலையில் வந்து நிற்கும். மேல்தளத்தில் காய்கறிக்கடை வைத்த ஊர் வளாகங்களில் கடைக்காரர்கள் வெளியே பிளாட்பாரத்துக்கு இறங்கிவருவது இதனால்தான்.

இன்னொன்று பற்று நோட்டு. ஹோட்டல்காரர், மெஸ் நடத்துகிறவர், தேயிலை பட்டுவாடாவுக்குக் காத்திருக்கும் சிறு விவசாயி எல்லோருக்கும் கடைக்காரர் நோட்டில் கணக்கு ஓடும். பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடங்களில் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது இந்த நோட்டால். ஒரே இடத்தில், ஒரே முகத்தோடு, தலைமுறையாக இருந்த கடைதான் இப்படிக் கடன் கொடுக்கும்.

வாடகை

2021 ஆகஸ்டில் வாடகை பாக்கிக்காக நூற்றுக்கணக்கான கடைகளுக்கு நகராட்சி சீல் வைத்தது. மறுநிர்ணயம் செய்த வாடகை கட்டுப்படியாகாது என்பது வியாபாரிகள் வாதம். பல வருடமாக நிலுவை கோடிக்கணக்கில் நிற்கிறது, ஊருக்குச் செலவு செய்ய வழியில்லை என்பது நகராட்சி வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. பழைய வாடகை மிகக் குறைவாகவே இருந்தது; உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக நான் பேசவில்லை. ஆனால் சந்தை மதிப்பை வைத்து வாடகை போட்டால், உதகை மாதிரி ஊரில் அந்த மதிப்பைத் தீர்மானிப்பது சாக்லேட்டும் சால்வையும்தான். கீரை விற்கிற கடைக்கும் அதே அளவுகோல் என்றால் கீரைக் கடைக்காரர் ஒன்று சாக்லேட்டுக்கு மாற வேண்டும், இல்லை சாவியைக் கொடுக்க வேண்டும். ஏப்ரல், மே சீசனில்தான் டூரிஸ்ட் அதிகம் வாங்குகிறார். ஜூலை மழையில் கடைக்கு வருகிறவர் பெரும்பாலும் ஊர்க்காரர்தான். இரண்டு மாத வியாபாரத்தை வைத்துப் பன்னிரண்டு மாத வாடகையைக் கணக்குப் போடக் கூடாது.

தற்காலிகக் கொட்டகையில் காய்கறிக்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் பேசினேன். "பழைய எடத்துல கண்ண மூடிட்டு வந்து நிப்பாங்கண்ணா. இங்க போன் பண்ணி எங்க இருக்கீங்கன்னு கேக்கறாங்க. புதுசா வர்றவங்க வர்றாங்க, ஆனா அவங்க அரைக்கிலோ கேரட்டோட போயிடறாங்க" என்றார். உறைபனிக் காலத்தில் இரவெல்லாம் குளிர்ந்த தகரத்தில் காலை வெயில் பட்டதும் உள்பக்கம் நீர் கோத்துச் சொட்டுகிறது. கொத்தமல்லிக் கட்டு அழுகுவதற்கு அது போதும். அதனால் சாக்கை மேலே கட்டி வைத்திருந்தார். கடை எண்ணும் பழைய எண்ணே கிடைக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. பக்கத்துக் கடைக்காரர் மாறிவிட்டால் சாப்பிடப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் யார்? வெளியே இருப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிற பெண்ணுக்கு இது வியாபாரமே.

மற்ற ஊர்களில் நடந்தது

சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போனது. கொத்தவால் சாவடி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு இடம் மாறியது. நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் அந்தச் சந்தையை நம்பி ஜார்ஜ் டவுனில் இருந்த சாப்பாட்டுக் கடை, சாக்குக் கடை, வண்டிக்காரர் எல்லோரும் அதே நாளில் இடம் மாற முடியவில்லை.

லண்டனின் கோவென்ட் கார்டன் 1670-இல் அரச சாசனம் பெற்ற காய்கறிச் சந்தை. 1830-இல் சார்லஸ் ஃபௌலர் வடிவமைத்த மண்டபம் வந்தது. 1974-இல் மொத்த வியாபாரத்தை நைன் எல்ம்ஸுக்கு மாற்றினார்கள். சுற்றுப்புறத்தையே இடித்து அகலச் சாலை போடும் திட்டம் இருந்தது. குடியிருந்தவர்கள் போராடினார்கள், 1973-இல் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. 1980-இல் மண்டபம் கடைவளாகமாகத் திறந்தது. பாஸ்டனில் 1826-இல் கட்டிய குவின்சி மார்க்கெட்டும் 1976-இல் இதேபோல மாறியது. இரண்டும் வெற்றிக் கதைகளாகப் பேசப்படுகின்றன, கட்டடத்தைப் பொறுத்தவரை நியாயம்தான். ஆனால் கோவென்ட் கார்டனில் மூட்டை இறங்குவதில்லை. கறிவேப்பிலை இல்லாத கடைத்தெருவில் சுற்றுகிற மாதிரிதான் சுற்ற வேண்டும். பாரிஸில் இன்னும் மோசம். லே ஹால் மொத்தச் சந்தை 1969-இல் ரஞ்சிஸுக்குப் போனது. 1971-இல் பழைய இரும்புக் கூடங்களை இடிக்கத் தொடங்கினார்கள். பல வருடம் ஊர் நடுவே பெரிய பள்ளம் கிடந்தது. 1979-இல் அங்கே நிலத்தடி வணிக வளாகம் திறந்தது.

லண்டனில் கட்டடம் தங்கியது, சந்தை போனது. பாரிஸில் இரண்டும் போயின. உதகையில் கட்டடம் போகிறது, சந்தை அதே இடத்துக்குத் திரும்பி வரும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. இது அபூர்வமான வாய்ப்பு. நம் மார்க்கெட் கட்டடம் ஃபௌலரின் மண்டபம் மாதிரி காப்பாற்ற வேண்டிய கலைப்படைப்பு அல்ல. காப்பாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் முறை.

மலைக்கேற்ற கட்டடம்

நீலகிரியில் வெகுகாலமாக 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. சமவெளி மால் மாதிரி அடுக்கிக்கொண்டே போக முடியாது. மண்சரிவு உள்ள மலையில் போகவும் கூடாது. ஆக, வண்டி நிறுத்தும் தளத்துக்கு முழுத் தரையையும் கொடுத்தால் கடை மேலே ஏறியே ஆக வேண்டும். சீசனில் வண்டி நிற்க இடம் இல்லை என்பது நியாயமான குறைதான். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். இவ்வளவு வண்டிக்கும் மார்க்கெட்டுக்கு அடியில் இடம் தேடுவது நடக்காத காரியம். வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திச் சுற்றுப் பேருந்து விடுவதுதான் வழி. மார்க்கெட் அடித்தளத்தைச் சரக்கு வண்டிக்கும் லோடு ஆட்டோவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மலையில் ஒரு வசதி உண்டு. சரிவில் கட்டினால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சாலையிலிருந்து நேராக உள்ளே வரலாம். மேல்தளமும் ஒரு பக்கம் தரையாகவே இருக்கும். மெயின் பஜார் பக்கத்து மட்டமும் கீழ்ப்பக்கத்து மட்டமும் ஒன்றில்லை. படியை நம்பாமல் இந்தச் சரிவை நம்பித் திட்டம் போட்டால் லோடுமேனுக்கும் மூட்டுவலிக்காரப் பாட்டிக்கும் ஒரே நேரத்தில் நல்லது நடக்கும்.

அப்புறம் சாக்கடை. கோடப்பமந்து கால்வாய் நகரத்துக்குள் ஓடி ஏரியில் சேர்கிறது. சல்லிவன் வெட்டிய அந்த ஏரி இன்று பாதியாகச் சுருங்கியிருக்கிறது; பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் இருப்பது பழைய ஏரி நிலத்தில்தான். மார்க்கெட் கழிவு கால்வாயில் இறங்கினால் நேராக ஏரிக்குப் போகும். கறி, மீன் வரிசைக்குத் தனிக் கழிவுநீர்த் தொட்டியும், காய்கறிக் கழிவை உரமாக்க வளாகத்துக்குள்ளேயே இடமும் ஒதுக்க வேண்டும். 2000-த்தின் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக் பைக்கு எதிராக நடவடிக்கை எடுத்த மாவட்டம் இது. துணிப்பையும் தினத்தாள் பொட்டலமும் இந்த மார்க்கெட்டுக்கு ஏற்கெனவே பழக்கம். கழிவு விஷயத்திலும் கடைக்காரர்கள் ஒத்துழைப்பார்கள், இடம் கொடுத்தால் போதும்.

கடை ஒதுக்கும் நாளில் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும் என்று வியாபாரிகளிடம் சொல்லிவருகிறேன். காய்கறி, கறி, மீன் வரிசைகள் எந்தத் தளத்தில், எந்தச் சாலையின் மட்டத்தில்? உணவுப்பொருள் கடைக்கும் டூரிஸ்ட் கடைக்கும் வாடகை தனித்தனியாகக் கணக்கிடப்படுமா? பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் அதே வரிசையில் ஒன்றாக இடம் கிடைக்குமா? முதல் கட்டத்துக் கடைகளில் இதற்குக் கிடைக்கும் பதில்தான் அடுத்தடுத்த கட்டங்களுக்கும் முன்மாதிரி ஆகும். குன்னூரிலும் பழைய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் பேச்சு வந்து, கடைக்காரர்கள் அங்கே பயத்தோடு இருக்கிறார்கள். அவர்கள் உதகைக்கு வந்து, கட்டி முடிந்த பகுதியைச் சுற்றிப் பார்த்து, இதே கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போகலாம்.